தலைவரின் மனைவிக்குச் சட்டத்தில் என்ன இடம்?

கேள்வி இதுதான்: அமெரிக்க அதிபரின் மனைவிக்குச் சட்டப்படி ஏதாவது பதவி உண்டா? இல்லையென்றால் அலுவலகம், ஊழியர்கள் எல்லாம் எந்தக் கணக்கில்? மற்ற நாடுகளில் எப்படி? மனைவிக்குப் பதில் கணவர் என்றால்?

பதவி கிடையாது, சம்பளம் கிடையாது, பதவிப் பிரமாணமும் கிடையாது. அமெரிக்க அரசியல் சாசனத்தை எத்தனை முறை புரட்டினாலும் அதிபரின் மனைவி பற்றி ஒரு வரி அகப்படாது. இருந்தும் அவருக்கென்று தலைமை அலுவலர், பத்திரிகைச் செயலாளர், விருந்து ஏற்பாடுகளைப் பார்க்கும் செயலாளர் என்று அரசுச் சம்பளத்தில் ஆட்கள் உண்டு. வெள்ளை மாளிகையின் கிழக்குப் பகுதியில் 1970களின் பிற்பாதி முதல் அவருக்கு அலுவலகம் இருந்தது. 2025 அக்டோபரில் புதிய விருந்து மண்டபத்துக்காக அந்தப் பகுதியையே இடித்துத் தள்ளிவிட்டார்கள்.

இந்த ஏற்பாட்டுக்கெல்லாம் பிடிமானம் 1978ல் வெள்ளை மாளிகை ஊழியர்கள் தொடர்பாக வந்த ஒரு சட்டத்தின் சிறு உட்பிரிவுதான். அதன் சாரம்: அதிபருக்கு அளிக்கும் உதவிகளை, அதிபர் தன் கடமையைச் செய்ய அவருடைய துணைவர் ஒத்தாசை செய்யும்போது அந்தத் துணைவருக்கும் அளிக்கலாம். துணைவர் இல்லாத அதிபர் தன் குடும்பத்தில் வேறு ஒருவரைக் காட்டலாம். அவ்வளவுதான். கணவருக்கு ஒத்தாசை என்பதுதான் செலவுக்குச் சொல்லப்படும் காரணம். அவர் தன் பெயரில் என்ன செய்யலாம், எதில் தலையிடக் கூடாது என்பதை அந்தப் பிரிவு தொடவே இல்லை.

வேறு சில இடங்களிலும் சட்டத்தின் கண்ணில் அவர் படுகிறார். அதிபரைக் காக்கும் சீக்ரட் சர்வீஸ் படையின் பாதுகாப்பு உண்டு. வெளிநாட்டு அரசு தரும் பரிசுகளுக்கான கட்டுப்பாடு அவருக்கும் பொருந்தும். அதிபர் தாக்கல் செய்யும் சொத்து விவர அறிக்கையில் மனைவியின் கணக்கும் வரவேண்டும். காசாகக் கிடைப்பது ஒன்றே ஒன்று: கணவர் இறந்த பிறகு, வேறு ஓய்வூதியத்தை விட்டுக்கொடுத்தால், ஆண்டுக்கு 20,000 டாலர். வெள்ளை மாளிகையில் இருக்கும்வரை உழைப்பு இலவசம், விதவையானால் பென்ஷன்.

பதவி இல்லாததைப் பலரும் ஒரு குறையாகப் பேசுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நியமிக்காத ஒருவரை நீக்க முடியாது. எந்தக் கோப்பிலும் கையெழுத்துப் போடாத ஒருவரை எந்தச் சபையும் கூப்பிட்டு எளிதில் கணக்குக் கேட்க முடியாது. இந்த இடத்தின் பலமே அதுதான். அதை விட்டு முறையான நாற்காலி ஒன்றில் உட்காரப் போனபோதுதான் பெரும்பாலும் அடி விழுந்திருக்கிறது. வரலாற்றிலிருந்து காட்டுகிறேன்.

முதலில் எடித் வில்சன். 1919 செப்டம்பரில் அதிபர் உட்ரோ வில்சன், ஐ.நா.வுக்கு முன்னோடியான சர்வதேச சங்கத்தில் அமெரிக்கா சேரவேண்டும் என்று ரயிலில் ஊர் ஊராகப் பேசிக்கொண்டு போனார். கொலராடோவின் புவெப்லோவில் பேசிய அன்றிரவு உடம்பு படுத்துவிட்டது. வாஷிங்டன் திரும்பியதும் அக்டோபர் 2 அன்று பக்கவாதம் தாக்கி இடது பக்கம் செயலிழந்தது. பதவிக்காலம் முடிய இன்னும் 17 மாதம். மனைவியும் மருத்துவர் கேரி கிரேசனும் சேர்ந்து விஷயத்தை அமுக்கிவிட்டார்கள். நரம்புத் தளர்ச்சி, ஓய்வு தேவை என்று வெளியே சொன்னார்கள். துணை அதிபருக்குக்கூட முறைப்படி தகவல் போகவில்லை.

அதன் பிறகு அமைச்சர்கள் அனுப்பும் கோப்புகள் முதலில் எடித்தின் கைக்குப் போயின. எதை உள்ளே எடுத்துப் போவது, எதை நிறுத்தி வைப்பது என்று அவர் பார்த்தார். பதில் வந்தால் தாளின் ஓரத்தில் அவருடைய கையெழுத்தில் வரும், "அதிபர் இப்படிச் சொல்கிறார்" என்று. பல கோப்புகளுக்குப் பதிலே வராது.

சந்தேகம் வலுத்து, டிசம்பர் 5 அன்று இரண்டு செனட்டர்கள் நேரில் பார்க்க வந்தார்கள். மெக்சிகோ பிரச்சினை பற்றிப் பேச என்பது சாக்கு. ஆள் தெளிவாக இருக்கிறாரா என்று பார்ப்பதுதான் வேலை. படுக்கையில் வில்சனைச் சாய்த்து உட்காரவைத்து, விளங்காத இடது கையைப் போர்வைக்குள் மறைத்திருந்தார்கள். எடித் பக்கத்தில் நின்றார், ஒரு கையில் குறிப்பு நோட்டு, மறு கையில் பென்சில். எதிர்க்கட்சி செனட்டர் ஆல்பர்ட் ஃபாலோடு கைகுலுக்க வேண்டியிருக்கக் கூடாது என்பதற்காகவே இரண்டு கையையும் நிறைத்துக்கொண்டு போனதாகப் பிற்பாடு அவரே எழுதினார். "நாங்கள் எல்லோரும் உங்களுக்காகப் பிரார்த்தனை செய்துகொண்டிருக்கிறோம்" என்றார் ஃபால். "எந்தப் பக்கமாக, செனட்டர்?" என்று கேட்டார் வில்சன். வந்தவர்கள் வெளியே போய், மூளை நன்றாகத்தான் வேலை செய்கிறது என்று நிருபர்களிடம் சொல்ல வேண்டியதாயிற்று. (அந்த ஃபால்தான் அடுத்த ஆட்சியில் அமைச்சராகி, எண்ணெய் வயல் குத்தகையில் லஞ்சம் வாங்கிச் சிறைக்குப் போனவர்.)

தான் எந்த அரசு முடிவும் எடுக்கவில்லை என்பது கடைசிவரை எடித்தின் வாதம். எது முக்கியம், எது முக்கியமில்லை, எதை எப்போது கணவரிடம் கொண்டுபோவது என்பதை மட்டுமே தீர்மானித்தாராம். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் தரமாட்டான் என்று சொல்லி வளர்ந்த நமக்கு அந்த "மட்டுமே" எவ்வளவு பெரியது என்று விளக்க வேண்டியதில்லை.

இதே காலத்தில் நடந்த இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். வெளியுறவு அமைச்சர் ராபர்ட் லான்சிங், அதிபர் படுத்திருக்கிறாரே என்று அமைச்சரவைக் கூட்டங்களைத் தானே கூட்டி நடத்தினார். முறைப்படி நியமனமும் செனட்டின் ஒப்புதலும் பெற்றவர். 1920 பிப்ரவரியில், அதிகாரமில்லாமல் கூட்டம் கூட்டினார் என்று குற்றம் சொல்லி ராஜினாமா வாங்கினார்கள். நியமனம் பெற்றவருக்கு வேலை போயிற்று. எந்த நியமனமும் இல்லாத எடித்தை யாராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. சர்வதேச சங்கத்தில் அமெரிக்காவைச் சேர்த்திருக்கக்கூடிய சமாதான ஒப்பந்தம் 1919 நவம்பரிலும் 1920 மார்ச்சிலும் செனட்டில் தோற்றது. கணவர் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும்படி எடித் வற்புறுத்தியிருந்தால் தேறியிருக்குமா என்று இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். வில்சனின் பிடிவாதத்தைப் பார்த்தால் எனக்கு நம்பிக்கையில்லை.

அதிபர் செயலிழந்தால் என்ன செய்வது என்பதற்கு 25வது திருத்தம் 1967ல்தான் வந்தது. உடனடித் தூண்டுதல் கென்னடி கொலை என்றாலும், வில்சன் கதையும் அந்த விவாதத்தில் வந்துபோனது. துணை அதிபரும் அமைச்சரவையில் பெரும்பான்மையும் சேர்ந்து அறிவிக்கலாம் என்கிறது அந்தத் திருத்தம். மனைவிக்கு அதில் வேலையே இல்லை.

அடுத்து எலினார் ரூஸ்வெல்ட். இவர் வழி வேறு, எல்லாமே வெளிச்சத்தில். கணவர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் அதிபராகப் பதவியேற்ற இரண்டாம் நாளே, 1933 மார்ச் 6 அன்று, சொந்தமாகப் பத்திரிகையாளர் சந்திப்பு நடத்தினார். பெண் நிருபர்களுக்கு மட்டும்தான் அனுமதி. பொருளாதார நெருக்கடியில் பத்திரிகைகள் ஆட்குறைப்பு செய்துகொண்டிருந்த நேரம் அது. அவருடைய செய்தி வேண்டுமென்றால் ஒரு பெண்ணையாவது வேலையில் வைத்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் வந்தது. எந்த ஆணையும் போடாமல் பல பெண்களின் வேலை நிலைத்தது. 1935 கடைசியில் தொடங்கிய தினசரிப் பத்தியை வாரத்துக்கு ஆறு நாள் எழுதினார். கணவர் இறந்தபோது மட்டும் நான்கு நாள் நிறுத்தம்.

1939ல் கறுப்பினப் பாடகி மரியன் ஆண்டர்சனுக்கு வாஷிங்டனில் தன் அரங்கைத் தர மறுத்தது ஒரு மகளிர் சங்கம். எலினார் அதில் உறுப்பினர். விலகினார், விலகியதைத் தன் பத்தியில் சங்கத்தின் பெயர் சொல்லாமலே எழுதினார். அந்த ஏப்ரலில் லிங்கன் நினைவகப் படிக்கட்டில் மரியன் பாடியபோது கேட்க வந்தவர்கள் சுமார் 75,000 பேர். தெற்கு மாநில வாக்குகளை நினைத்துக் கணவர் வாய்திறக்கத் தயங்கிய விஷயங்களை மனைவி பேசினார். கேட்டால், அது அவர் கருத்து என்று அதிபர் நழுவிக்கொள்ளலாம். இருவருக்கும் இந்த ஏற்பாடு வசதிதான்.

இதே எலினார் 1941ல் உள்நாட்டுப் பாதுகாப்பு அலுவலகத்தில் துணை இயக்குநர் பொறுப்பை ஏற்றார். சம்பளம் வாங்கவில்லை, ஆனாலும் அது அரசுப் பொறுப்பு. தோழியான ஒரு நடனக் கலைஞருக்கு அங்கே வேலை கொடுத்தது நாடாளுமன்றத்தில் கேலிக்கும் கூச்சலுக்கும் ஆளானது. 1942 பிப்ரவரியிலேயே விலகினார். பத்தி எழுதியபோது நெருங்க முடியாதவரை, நாற்காலியில் உட்கார்ந்த சில மாதத்தில் எழுப்பிவிட்டார்கள். 1945ல் விதவையான பிறகு, அடுத்து அதிபரான ட்ரூமன் ஐ.நா. தூதுக்குழுவில் நியமித்தபோது அப்படி எதுவும் நடக்கவில்லை. மனித உரிமை ஆணையத்துக்குத் தலைமை தாங்கி, 1948 டிசம்பர் 10 அன்று உலகளாவிய பிரகடனம் நிறைவேறும்வரை கொண்டுபோனார். பிரகடனத்தின் முதல் பிரிவில் "எல்லா ஆண்களும்" என்று பொருள்படும்படி இருந்ததை "மனிதர் எல்லோரும்" என்று மாற்றவைத்த நம் ஹன்சா மேத்தா உட்கார்ந்ததும் அதே ஆணையத்தில்தான்.

ஜாக்குலின் கென்னடியின் வெள்ளை மாளிகைச் சீரமைப்பு, லேடி பேர்டு ஜான்சனின் நெடுஞ்சாலை அழகுபடுத்தும் சட்டம், மிஷெல் ஒபாமாவின் குழந்தைகள் உடல்நல இயக்கம், இவை நிறையப் பேர் எழுதிய கதைகள். தாண்டிப் போகிறேன். சட்டம் சூடுபிடிப்பது ரோசலின் கார்ட்டரிடமும் ஹிலாரி கிளின்டனிடமும்தான்.

ரோசலின் 1977ல் கணவரின் பிரதிநிதியாக லத்தீன் அமெரிக்கா, கரீபியன் பகுதிகளில் ஏழு நாடுகளுக்குப் போய் அரசுத் தலைவர்களோடு கொள்கை பேசினார். தேர்ந்தெடுக்கப்படாதவர், நியமிக்கப்படாதவர், எந்த முகத்தோடு பேசுகிறார் என்று கேள்வி வந்தது. அமைச்சரவைக் கூட்டங்களில் சுவரோரம் உட்கார்ந்து குறிப்பெடுப்பார், பேசமாட்டார். மனநல ஆணையத்துக்கு அவரைத் தலைவராக்கக் கார்ட்டர் விரும்பியபோது நீதித்துறை குறுக்கே வந்தது. உறவினருக்கு அரசு வேலை கொடுக்கக் கூடாது என்ற 1967ம் ஆண்டுச் சட்டம்! அதிபர் கென்னடி தன் தம்பி ராபர்ட்டை அட்டர்னி ஜெனரலாக்கியதன் எதிரொலி அது என்பார்கள். கடைசியில் "கௌரவத் தலைவர்" என்று பெயர் வைத்துச் சமாளித்தார்கள். ஆணையத்தின் வேலை 1980ல் மனநலச் சட்டமாக வந்தது. மறு ஆண்டே ரீகன் ஆட்சி அதில் பெரும்பகுதியை ரத்து செய்தது.

கிளின்டன் பதவியேற்ற ஐந்தாம் நாள், 1993 ஜனவரி 25 அன்று, மருத்துவக் காப்பீட்டுச் சீர்திருத்தக் குழுவுக்கு ஹிலாரியைத் தலைவராக்கினார். குழு கதவைச் சாத்திக்கொண்டு கூடியது. ஒரு மருத்துவர் சங்கம் வழக்குப் போட்டது. அவர்கள் பிடித்த நூல் நல்ல நூல்: அரசு ஆலோசனைக் குழுவில் எல்லோரும் அரசு அதிகாரிகளோ ஊழியர்களோ என்றால்தான் மூடிய கதவு செல்லும், ஒரு வெளியாள் இருந்தாலும் கூட்டத்தைத் திறக்க வேண்டும் என்கிறது சட்டம். ஹிலாரி அரசு ஊழியரா? சம்பளம் இல்லை, நியமனம் இல்லை, பிரமாணம் இல்லை. ஆகவே வெளியாள். கதவைத் திற!

கீழ் நீதிமன்றம் சங்கத்தின் வாதத்தை ஒப்புக்கொண்டது. அந்த ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. மனைவியர் நெடுங்காலமாக அதிபர்களுக்கு ஆலோசனை சொல்லி வந்த வழக்கத்தையும், முதலில் சொன்ன 1978 உட்பிரிவையும் காட்டி, இந்தச் சட்டத்தின் அளவில் அவரை நடைமுறையில் அரசு அதிகாரி அல்லது ஊழியர் என்றே கொள்ளலாம் என்றது. மூன்று நீதிபதிகளில் ஒருவர் முடிவுக்கு உடன்பட்டாலும் இந்தக் காரணத்தை ஏற்கவில்லை. என் மனம் அந்த ஒருவர் பக்கம்தான். சம்பளம், நியமனம், பொறுப்பு என்று வரும்போது தனிநபர், ரகசியம் வேண்டும்போது அதிகாரி என்றால், இரண்டு கையிலும் லட்டு கேட்பதாக ஆகாதா? எப்படியோ, வழக்கில் தப்பித்தாலும் திட்டம் பிழைக்கவில்லை. 1994 செப்டம்பரில் செனட்டில் அதைக் கைவிட்டார்கள். குழுத் தலைவர் என்பதால் பழி முழுக்க ஹிலாரி தலையில்.

இந்த வழக்குக்கு ஒரு பின்கதை உண்டு. உறவினர் நியமனத் தடை வெள்ளை மாளிகைக்குப் பொருந்துமா என்பதே சந்தேகம்தான் என்று தீர்ப்பில் போகிற போக்கில் ஒரு குறிப்பு இருந்தது. 2017 ஜனவரியில் டிரம்ப் தன் மருமகன் ஜாரெட் குஷ்னரை ஆலோசகராக்க முடியுமா என்று கேள்வி வந்தபோது, நீதித்துறை தன் பழைய கருத்தை மாற்றிக்கொண்டு "முடியும்" என்றது. ஹிலாரிக்காகத் திறந்த இடுக்கு வழியாகக் குஷ்னர் உள்ளே போனார்.

மற்ற நாடுகளுக்கு வருகிறேன். ஜப்பான் எதிர்ப்பக்கம் போய் மாட்டிக்கொண்டது. ஒசாகா பக்கம் ஒரு தனியார் கல்வி நிறுவனம் கட்டவிருந்த தொடக்கப்பள்ளிக்குப் பிரதமர் ஷின்சோ அபேயின் மனைவி அகியே கௌரவத் தலைமையாசிரியர். சுமார் 95 கோடி யென் மதிப்புப் போட்ட அரசு நிலம் அந்த நிறுவனத்துக்குச் சுமார் 13 கோடி யென்னுக்குக் கைமாறியது 2017ல் வெளிவந்தது. நிலத்தடியில் கிடந்த குப்பையை அகற்றும் செலவைக் கழித்துக்கொண்டார்களாம். நானோ மனைவியோ சம்பந்தப்பட்டிருந்தால் பதவி விலகுவேன் என்றார் அபே. மார்ச்சில் அமைச்சரவையே கூடி, பிரதமரின் மனைவி ஒரு தனிநபர் என்று முறைப்படி பதில் கொடுத்தது. அந்தத் தனிநபருக்கு அரசு ஐந்து அதிகாரிகளை உதவிக்குக் கொடுத்திருந்தது! நிதி அமைச்சகக் கோப்புகளில் அவர் பெயர் வந்த இடங்களை அழித்தது அடுத்த ஆண்டு அம்பலமானது. திருத்தச் சொல்லி நிர்ப்பந்திக்கப்பட்ட ஒரு கீழ்மட்ட அதிகாரி தற்கொலை செய்துகொண்டார். அபே பதவியில் தொடர்ந்தார்.

தென் கொரியாவில் யூன் சுக் இயோல் தேர்தல் வாக்குறுதியாகவே சொல்லி, 2022ல் அதிபரின் மனைவிக்கான தனி அலுவலகத்தை எடுத்துவிட்டார். அலுவலகம் போனது, மனைவி கிம் கியோன் ஹீயைப் பார்க்க வருகிறவர்கள் போகவில்லை. விலையுயர்ந்த கைப்பை ஒன்றை அவர் பரிசாக வாங்கும் ரகசியக் காணொளி வெளிவந்தது. ஊழல் தடுப்பு ஆணையம் 2024 ஜூனில், அரசு அதிகாரியின் துணைவருக்குத் தண்டனை விதிக்கச் சட்டத்தில் பிரிவே இல்லை என்று கோப்பை மூடியது. அந்த நவம்பரில் அலுவலகத்தை மறுபடி திறந்தார்கள். 2025 ஆகஸ்டில், கணவர் பதவி இழந்த பிறகு, வேறு குற்றச்சாட்டுகளில் கிம் கைதானார்.

எனக்குப் பிடித்தது பிரான்சின் வழி. 2017ல் மக்ரோன் தன் மனைவிக்கு அதிகாரபூர்வ அந்தஸ்து தர நினைத்ததும் லட்சக்கணக்கானோர் எதிர்த்து மனுவில் கையெழுத்திட்டார்கள். பின்வாங்கிய அதிபர் மாளிகை, அந்த ஆகஸ்டில் ஒரு வெளிப்படைத்தன்மைச் சாசனம் வெளியிட்டது. சம்பளம் இல்லை, தனி நிதி இல்லை, வேலைகள் இன்னின்ன, உதவிக்கு இத்தனை பேர். பதவி கொடுக்கவில்லை, ஆனால் என்ன செய்கிறார், யார் செலவில் என்பது தாளில் இருக்கிறது.

இந்தியாவில் பிரதமரின் மனைவிக்கென்று இப்படி எதுவும் இல்லை. சிறப்புப் பாதுகாப்புப் படைச் சட்டத்தில், பிரதமரோடு அரசு இல்லத்தில் வசிக்கும் நெருங்கிய குடும்பத்தார் என்ற அளவில் வருவார். நம் ஊரில் இந்த விஷயத்தைப் பார்க்க டெல்லி போக வேண்டியதில்லை, ஊராட்சி மன்றம் போதும், அங்கே ஆள் மட்டும் மாறிவிடும். 73வது திருத்தம் 1993ல் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு கொடுத்தது. தமிழ்நாடு 2016ல் பாதியாக்கியது. கூடவே "தலைவர் வீட்டுக்காரர்" என்ற ஒருவர் வந்து சேர்ந்தார். பல ஊர்க் கிராம சபைகளில் மனுவை வாங்குவது அவர், குழாய் ஏன் வரவில்லை என்ற கேள்விக்குப் பதில் சொல்வது அவர், பி.டி.ஓ. ஆபீசுக்குப் போவதும் அவர். தீர்மானப் பதிவேட்டில் கையெழுத்து மட்டும் தலைவி. முறைகேடு என்று வந்தால் ஊராட்சிச் சட்டப்படி ஆட்சியர் நடவடிக்கை எடுக்க முடிவது கையெழுத்துப் போட்டவர் மேல்தான். உச்ச நீதிமன்றம் வரை விஷயம் போய், மத்திய அரசு 2023ல் அமைத்த குழு, இப்படி மனைவியின் பெயரில் அதிகாரம் செய்யும் கணவர்களுக்குக் கடும் தண்டனை வேண்டும் என்று பரிந்துரைத்திருக்கிறது. தானாகவே விவரமாக நடத்தும் தலைவிகளும் ஏராளம் என்பதையும் சொல்லவேண்டும். இரண்டாவது முறை ஜெயித்து வருகிறவர்களிடம் வீட்டுக்காரரின் சத்தம் குறைந்துவிடும்.

கடைசியாக, உயர்பதவியில் இருப்பது மனைவி, துணைவர் கணவர் என்றால். கமலா ஹாரிஸ் துணை அதிபரானதும் கணவர் டக் எம்ஹாஃப் தன் வக்கீல் நிறுவனத்தை விட்டுவிட்டுச் சட்டக் கல்லூரியில் பாடம் எடுத்தார், மனைவிக்காக ஊர் ஊராகப் போனார். பாராட்டு கொட்டியது. ஜில் பைடனும் முதல் பெண்மணியாக இருந்துகொண்டே வர்ஜீனியாவின் சமுதாயக் கல்லூரியில் சம்பளத்துக்குப் பாடம் எடுத்தார், அப்படிச் செய்த முதல் ஆள் அவர்தான். ஆனால் முனைவர் பட்டத்தைப் பெயரோடு போட்டுக்கொள்ளலாமா என்றுதான் அவரைப் பற்றிப் பெரிய சர்ச்சை கிளம்பியது. ஜெர்மனியில் மெர்க்கெலின் கணவர் யோவாகிம் சாவர் வேதியியல் பேராசிரியர். 2005ல் மனைவி பிரதமராகப் பதவியேற்றதை நேரில் போகாமல், வேலை பார்க்கும் இடத்திலேயே தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டார். பைராய்ட் இசை விழாவில் மட்டும் தலைகாட்டுவார். விஞ்ஞானி, அவருக்கு வேலை இருக்கிறது என்று ஜெர்மானியர்கள் விட்டுவிட்டார்கள். மெலனியா டிரம்ப் 2017ல் மகனின் பள்ளி ஆண்டு முடியட்டும் என்று நியூயார்க்கிலேயே தங்கி, ஜூனில்தான் வெள்ளை மாளிகைக்குக் குடிவந்தார். அந்த ஐந்து மாதமும் ஏன் வரவில்லை என்பது செய்தியாகவே இருந்தது.